கூலன்ட் சென்சாரை எங்கே மாட்டுவது? மேல் ஹோஸா, ஹெட்டா, ரேடியேட்டரா

கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்தோம். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் தாண்டியாகிவிட்டது. என்னுடையது பழைய டீசல் ஜீப். அதோடு வந்த டெம்பரேச்சர் மீட்டர் எப்போதோ செத்துப்போயிருந்ததால், ஒரு டிஜிட்டல் மீட்டர் வாங்கி நானே மாட்டியிருந்தேன். இரண்டாம் கியரில் ஏறும்போது 96, 97 என்று காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று எண் இறங்கத் தொடங்கியது. 90. 84. 71. மலைக்காற்று பட்டு ரேடியேட்டர் நன்றாக ஆறுகிறது என்று நினைத்து, நிம்மதியாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். இரண்டு வளைவு தாண்டவில்லை, வண்டி இழுக்கத் திணறியது. வெறும் சட்டியை அடுப்பில் மறந்து விட்டால் வருமே, அப்படி ஒரு கருகல் வாசனை.

பானெட்டைத் திறந்தேன். கீழ் ஹோஸ் கிளிப்புக்குப் பக்கத்தில் வாய் பிளந்து தொங்கிக்கொண்டிருந்தது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மீட்டரில் அப்போது 58.

என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்துவிட்டது. லேத்தில் கொடுத்து ஃபேஸிங் போட்டுத் தட்டையாக்கி, அதற்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டை மாற்றி, வண்டி மறுபடி ரோட்டுக்கு வர மூன்று வாரம் ஆனது. ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக் அண்ணனிடம், "மீட்டர் ஏமாத்திடுச்சுண்ணே" என்றேன். அவர் மேல் ஹோஸின் நடுவே நான் செருகியிருந்த அலுமினிய அடாப்டரைத் தொட்டுக் காட்டினார். "மீட்டர் பொய் சொல்லலை தம்பி. அது இருந்த இடத்துல சூடு இல்லை. அதைத்தான் சொல்லுச்சு."

அந்த மூன்று வாரமும் நான் யோசித்தது இதைத்தான். எந்த மீட்டர் வாங்குவது என்று பத்து நாள் பார்த்தேன். சென்சாரை எங்கே வைப்பது என்று பத்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. மேல் ஹோஸில் வைப்பது சுலபம், ஹோஸை வெட்டிச் செருகினால் வேலை முடிந்தது, அதனால் அங்கே வைத்தேன். பழைய வண்டிக்குப் புதிய மீட்டர் போட நினைக்கும் பலரும் இதே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள் என்பதால், ஒவ்வொரு இடத்தின் குணத்தையும் எழுதி வைக்கிறேன்.

தண்ணீர் போகிற வழி

இடத்தைப் பற்றிப் பேசும் முன் தண்ணீரின் (கூலன்ட்டும் இதில் அடக்கம்) பாதையை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். வாட்டர் பம்ப் ஆறிய தண்ணீரை பிளாக்குக்குள் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி ஓடி, கேஸ்கெட்டில் இருக்கிற ஓட்டைகள் வழியாக ஹெட்டுக்கு ஏறுகிறது. எண்ணெய் எரிகிற இடம், எக்ஸாஸ்ட் வால்வு எல்லாம் ஹெட்டோடு சேர்ந்தவை. ஆகவே ஹெட்டிலிருந்து வெளியே வருகிற தண்ணீர்தான் மொத்தச் சுற்றிலும் அதிகம் சூடானது. வெளியே வருகிற வாசலில் தெர்மோஸ்டாட் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு சுமார் 82 டிகிரியில் உருகி விரியத் தொடங்கும். வால்வு மெல்லத் திறக்கும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறும்போது முழுதாகத் திறந்திருக்கும். 82 என்பது பழைய என்ஜின்களில் பரவலாக இருந்த அளவு. 88 டிகிரியில் திறப்பவையும் உண்டு. திறந்ததும் தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை பைபாஸ் என்ற சின்ன வழியில் என்ஜினுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தச் சுற்றில் எங்கே கை வைத்தாலும் ஒரு வெப்பநிலை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு இடமும் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. என்ஜின் எவ்வளவு சூடு? ரேடியேட்டர் வேலை செய்கிறதா? உள்ளே தண்ணீர் இருக்கிறதா? மூன்றும் வேறு வேறு கேள்விகள். மலையேறும்போது என் மீட்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தது "மேல் ஹோஸுக்குள் என்ன சூடு" என்ற கேள்விக்கு. நான் கேட்க நினைத்தது அதுவல்ல.

மேல் ஹோஸ் அடாப்டர்

சின்ன அலுமினியக் குழாய், நடுவில் மரை வெட்டிய ஒரு ஓட்டை. மேல் ஹோஸை வெட்டி நடுவில் இதைச் செருகி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கினால் முடிந்தது. என்ஜினில் ட்ரில் படவேண்டாம், உலோகத் தூள் உள்ளே விழும் பயமில்லை, பிடிக்காவிட்டால் ஒரு புது ஹோஸ் வாங்கிப் பழையபடி ஆக்கிவிடலாம். ஹோஸின் உள்விட்டத்துக்குச் சரியான அளவில் அடாப்டர் கிடைக்கிறது. இந்த வசதிகள் எல்லாம் உண்மைதான்.

குறை என்னவென்றால், அது தெர்மோஸ்டாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட்டினால் என்ஜின் 80-ஐத் தொட்டிருக்கும்; ஹோஸ் இன்னும் கையால் பிடிக்கிற சூட்டில் இருக்கும்; மீட்டர் 45 என்று காட்டும். இதோடு போனால் பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? என்ஜினுக்குள் தண்ணீர் கொதிக்கும், ஹோஸில் ஓட்டமே இருக்காது, மீட்டர் குறைவாகவே காட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கோளாறுக்குப் பயந்து மீட்டர் வாங்குகிறோமோ, அந்தக் கோளாறு வரும்போது பார்த்து அது குளிர்ச்சியாகக் காட்டுகிறது. தண்ணீர் மொத்தமும் கொட்டிப் போனாலும் இதே கதைதான், எனக்கு நடந்தது போல. மேல் ஹோஸ் உயரத்தில் இருப்பதால் அளவு குறையும்போது முதலில் காலியாகும் இடங்களில் அதுவும் ஒன்று. சென்சாரின் முனை தண்ணீரை விட்டுக் காற்றில் தொங்கும். காற்று சூட்டை எடுத்துப்போய்ச் சேர்ப்பதில் தண்ணீருக்குப் பக்கத்தில்கூட வராது.

எர்த் தொல்லை ஒன்றும் இதில் உண்டு. ஒற்றை ஒயர் சென்சார்கள் தங்கள் உடம்பு வழியாகவே எர்த் எடுக்கின்றன. ரப்பர் ஹோஸுக்கு நடுவில் இருக்கும் அலுமினியத்துக்கு எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டருக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் இழுத்து என்ஜின் பிளாக்கில் பிடிக்க வேண்டும். சில அடாப்டர்களில் அதற்கென்றே ஒரு சின்ன திருகு வைத்திருப்பார்கள். சென்சாரிலிருந்து இரண்டு ஒயர் வருகிறது என்றால் இந்தக் கவலை இல்லை.

நம் பக்கம் பல பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டிருப்பார்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லித்தான் கழற்றுவார்கள். அப்படிப்பட்ட வண்டியில் மேல் ஹோஸுக்கும் ஹெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது; அடாப்டர் ஓரளவு உண்மையைச் சொல்லும். ஆனாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது எனக்கு உடன்பாடில்லாத வேலை. என்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரம் எடுக்கும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் கீழ்த்தட்டுதான் பைபாஸை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி வந்துகொண்டிருக்கும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டிவிடும்.

ஹெட், அல்லது தெர்மோஸ்டாட் வீட்டின் என்ஜின் பக்கம்

நான் இப்போது வைத்திருப்பது இங்கேதான். யார் கேட்டாலும் முதலில் சொல்வதும் இந்த இடத்தைத்தான். தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியே வரும் வழியில். தெர்மோஸ்டாட் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அந்த இடத்தில் என்ஜினின் தண்ணீர் இருக்கும். கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் சென்சாரை இந்தப் பகுதியில்தான் வைக்கிறார்கள், காரணம் இல்லாமல் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ட்ரில் போடாமலேயே வழி இருக்கிறதா என்று. பல ஹெட்களில் உபயோகிக்காத மரை ஓட்டையில் ஒரு பித்தளை அல்லது இரும்பு பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். ஒரே என்ஜினை இரண்டு மூன்று மாடல் வண்டிகளில் போடுவதால் இப்படி மிச்ச ஓட்டைகள் வருகின்றன. ஹெட்டின் பின்பக்கம், என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓரமாகக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். கிடைத்தால் அதிர்ஷ்டம். பிளக் பல வருடம் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாள் துரு நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, சரியான அளவு சாவி போட்டு நிதானமாகத் திறக்க வேண்டும். வட்டமாகத் தேய்ந்துவிட்டால் அப்புறம் வேலை பெரிதாகிவிடும்.

ஓட்டை இல்லையென்றால் தெர்மோஸ்டாட் வீடு. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் பலர் தவறு செய்கிறார்கள். அந்த வீடு இரண்டு துண்டு. ஹெட்டோடு ஒட்டியிருக்கும் கீழ்த்துண்டு, மேல் ஹோஸ் மாட்டும் கழுத்து. தெர்மோஸ்டாட் இரண்டுக்கும் நடுவில் சிக்கியிருக்கும். கழுத்தில் ஓட்டை போட்டு சென்சார் வைத்தால், பார்க்க என்ஜினில் வைத்தது போலத் தெரியும். உண்மையில் அது மேல் ஹோஸில் வைத்ததுதான். கீழ்த்துண்டில்தான் போட வேண்டும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். கீழ்த்துண்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தேன். வண்டியிலேயே வைத்து ட்ரில் போடக் கூடாது. அலுமினியத் தூள் ஒரு துணுக்கு பம்புக்குள் போனாலும் தொல்லை. சுவர் தடிமனாக இருக்கும் இடமாகத் தேடினேன். மெல்லிய சுவரில் இரண்டு சுற்று மரைதான் பிடிக்கும், அது தாங்காது. சென்சாரில் இருந்தது 1/8 என்பிடி என்ற வகைக் குழாய் மரை. சுமார் 8.5 மில்லிமீட்டர் ட்ரில் போட்டு, மரை வெட்டும் டேப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே என்று மரை வெட்டினேன். கிரீஸில் தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என்பிடி டேப் கூம்பு வடிவம், ஆகவே ஒரேயடியாக ஆழமாக வெட்டிவிடக் கூடாது. கொஞ்சம் வெட்டி, சென்சாரைத் திருகிப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெட்ட வேண்டும். அப்புறம் தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் வைத்து, சென்சாரின் முனை அதன் உடம்பில் இடிக்கிறதா என்று பார்த்தேன். மெழுகு இருக்கும் பக்கம் என்ஜினைப் பார்த்துத்தான் தொங்கும். நீளமான சென்சார் என்றால் இரண்டும் மோதிக்கொள்ளும். என்னுடையதில் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது.

மரை பற்றி ஒரு வார்த்தை. 1/8 என்பிடியும், 1/8 பிஎஸ்பி என்ற இன்னொரு குழாய் மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றுக்கு அங்குலத்துக்கு 27 மரை, இன்னொன்றுக்கு 28. இரண்டு சுற்று ஒழுங்காகப் போகும், மூன்றாவதில் இறுகும், இறுகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவோம், சூடானதும் ஒழுகும். சென்சாரோடு வந்த தாளில் என்ன மரை என்று பார்க்காமல் டேப் வாங்கப் போகாதீர்கள்.

ஒற்றை ஒயர் சென்சாருக்கு டெஃப்லான் டேப்பைக் கட்டுகட்டாகச் சுற்ற வேண்டாம். உடம்பும் வீடும் தொட்டால்தான் எர்த். மரைக்குப் பூசும் சீலன்ட் மெல்லியதாக ஒரு பூச்சு போதும். மாட்டி முடித்ததும் மல்டிமீட்டரில் சென்சார் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே பார்த்துவிடுங்கள், கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம் வர வேண்டும். பின்னால் எப்போதாவது ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது என்றால் என்ஜினைத் தேட வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள்.

இந்த இடத்துக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. வேலை அதிகம், ஒரு கேஸ்கெட் செலவு, கை நடுங்கினால் வீடே போய்விடும். தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் இங்கேயும் சென்சார் காற்றில்தான் நிற்கும். மேல் ஹோஸைவிட இது பரவாயில்லை, சுற்றிலும் சூடான உலோகம் இருப்பதால் எண் அவ்வளவு வேகமாக இறங்காது. ஆனாலும் அதை நம்ப முடியாது.

சில புதிய என்ஜின்களில் தெர்மோஸ்டாட் ஹெட்டின் வாசலில் இல்லாமல் பம்பின் வாசலில், கீழ் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இருக்கும். அவற்றில் "தெர்மோஸ்டாட் வீட்டில் வை" என்ற வழியை அப்படியே பின்பற்றினால், திரும்பி வருகிற கலவைத் தண்ணீரை அளந்துகொண்டிருப்போம். எந்த ஹோஸ் அந்த வீட்டுக்குள் போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்துவிட்டால் குழப்பமில்லை.

ரேடியேட்டர்

மேல் டேங்க்கில் வைத்தால் அது மேல் ஹோஸுக்குச் சமம், மேலே சொன்ன குறைகள் எல்லாம் அப்படியே. கீழ் டேங்க்கில் அல்லது கீழ் ஹோஸில் வைத்தால் ஆறிய தண்ணீரை அளக்கிறோம். என்ஜின் சூட்டைப் பார்க்க அந்த இடம் கூடவே கூடாது. எலெக்ட்ரிக் ஃபேனைப் போடும் சுவிட்சுக்கு அது பொருத்தமான இடம். ரேடியேட்டரால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை, உதவி வேண்டும் என்பது முதலில் அங்கேதான் தெரியும். பல கார்களில் ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே திருகியிருப்பது இதனால்தான்.

ஃபேன் கிட்டோடு ஒரு நீளக் கம்பி வரும், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே குத்தி வைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அதிர்வில் அந்தக் கம்பி டியூபை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

கீழே ஒரு அளவு கிடைப்பது நோயைக் கண்டுபிடிக்க உதவும். மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே சூடு, என்ஜினும் சூடு என்றால் காற்று சரியாகப் போகவில்லை: தகடுகளில் பூச்சி, சேறு, வைக்கோல் தூசி அடைத்திருக்கும், அல்லது ஃபேன் பெல்ட் வழுக்கும். கீழே நன்றாக ஆறுகிறது, ஆனால் என்ஜின் கொதிக்கிறது என்றால் தண்ணீர் ஓட்டம் குறைவு: உள்ளே உப்பு படிந்து டியூப் அடைத்திருக்கும், அல்லது பம்ப் தேய்ந்திருக்கும். இதற்காக நிரந்தரமாக ஒரு சென்சார் வைக்க வேண்டியதில்லை. கையில் பிடிக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்றால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

ஹீட்டர் ஹோஸ், பைபாஸ், எக்ஸ்பான்ஷன் டேங்க்

ஹீட்டர் ஹோஸ் பெரும்பாலும் ஹெட்டிலிருந்தே கிளம்புவதால் நல்ல இடம் போலத் தோன்றும். உள்ளே எப்போதும் தண்ணீர் ஓடுகிற அமைப்பு என்றால் நல்ல இடம்தான். நடுவில் வால்வு இருந்தால், ஹீட்டரை மூடியதும் ஓட்டம் நின்றுவிடும். நம் ஊர்ச் சமவெளியில் ஹீட்டரை யாரும் திறப்பதில்லை. பல பழைய வண்டிகளில் அந்த வாயையே அடைத்துவிட்டிருப்பார்கள். அடைத்த வாய் இருந்தால், ஹெட்டில் மரை ஓட்டை கிடைத்தது போலத்தான். அங்கே ஒரு சின்ன பித்தளை இணைப்பை லேத்தில் கடைந்து வாங்கி, முனை ஹெட்டுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருக்கும்படி சென்சாரைப் போடலாம். முனை குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டால் ஓடாத தண்ணீரில் கிடக்கும். எண் பின்தங்கி வரும்.

பைபாஸ் ஹோஸில் நேர்மாறான தொல்லை. என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது நன்றாகக் காட்டும். தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்து பைபாஸை மூடியதும் ஓட்டம் குறைந்துவிடும். எப்போது சரியான எண் வேண்டுமோ அப்போது தாமதம்.

சூடாகி விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் சூட்டை அளக்க உதவாது. தண்ணீர் குறைவதைச் சொல்லும் அளவு அலாரத்துக்கு அது நல்ல இடம். அதைப் பிறகு சொல்கிறேன்.

உலோகத்தைத் தொடும் சென்சார்

இது தண்ணீரைத் தொடுவதே இல்லை. வளையம் போன்ற ஒரு முனை, ஹெட்டில் இருக்கும் ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அடியில் வைத்து இறுக்கிவிட வேண்டியது. ஹெட்டின் உலோகச் சூட்டை அப்படியே காட்டும். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலோகம் இருக்கிறது. கொல்லிமலையில் எனக்கு இது ஒன்று இருந்திருந்தால், மேல் ஹோஸ் மீட்டர் 71-க்கு இறங்கிய அதே நேரத்தில் இது ஏறிக்கொண்டு போயிருக்கும்.

அலுமினிய ஹெட் இருக்கும் வண்டிகளுக்கு இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். கீழே வார்ப்பிரும்பு பிளாக் இறுக்கிப் பிடித்திருக்க, மேலே அலுமினியம் விரியப் பார்க்கும். போக வழியில்லாமல் வளையும். லேத்காரர் என் ஹெட்டின் மேல் ஸ்கேல் வைத்து, நடுவில் ஃபீலர் கேஜைச் செருகிக் காட்டினார். காகிதத்தைவிடச் சற்றுத் தடித்த தகடு ஒன்று தாராளமாக உள்ளே போய்வந்தது. அந்த இடைவெளி போதும், கேஸ்கெட் பிடிக்காது.

மாட்டும்போது இரண்டு விஷயம். ஹெட்டை பிளாக்கோடு பிடிக்கும் பெரிய போல்ட்களைத் தொடவே கூடாது. அவற்றின் இறுக்கம் கணக்குப் போட்டு வைத்தது. தூக்கும் கொக்கியைப் பிடிக்கும் போல்ட், ஏதாவது பிராக்கெட் போல்ட், அப்படி ஒன்றைத் தேட வேண்டும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் பக்கம் போகக் கூடாது, அதன் சூட்டையும் சேர்த்துக் காட்டும். வளையத்துக்கு அடியில் பெயின்ட், துரு இல்லாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

இதன் எண்ணைத் தண்ணீர் சூட்டோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். வெளிக்காற்று படும் இடமாக இருந்தால் சில டிகிரி குறைவாகவும், எரியும் அறைக்குப் பக்கத்தில் இருந்தால் சில டிகிரி கூடுதலாகவும் வரும். ஒரு வாரம் ஓட்டி, ஏற்றத்தில் அதிகபட்சம் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பத்து டிகிரி மேலே அலாரம் வைத்தால் சரி.

தண்ணீர் குறைவதை முன்கூட்டியே சொல்வது அளவு அலாரம். எக்ஸ்பான்ஷன் டேங்க்கில் ஒரு மிதவை, டேஷ்போர்டில் ஒரு பஸ்ஸர். சூடு ஏறுவதற்கு முன்பே கத்தும். உலோக சென்சார் நோய் வந்தபின் சொல்கிறது. இது வரும் முன் சொல்கிறது. பட்ஜெட் இடம் கொடுத்தால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த வண்டிக்கு எது

பிஎஸ்-6 கார் வைத்திருப்பவர் எதிலும் ஓட்டை போட வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகினால், கம்பெனி சென்சார் சொல்லும் எண்ணே செல்போனில் டிகிரி சுத்தமாக வரும். பல கார்களின் முள் வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. தண்ணீர் எண்பதுகளில் இருந்தாலும் நூறை நெருங்கினாலும் அசையாது. வெறும் நீலம், சிவப்பு விளக்கு மட்டும் இருக்கும் கார்களும் நிறைய. அவற்றில் ஓபிடி எண் கண்ணைத் திறந்துவிடும். கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சார் ஒயரை வெட்டிப் புது மீட்டரை இணைக்கும் வேலை மட்டும் வேண்டாம். சூடு ஏற ஏற மின்தடை குறைவதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. இணையாக இன்னொன்றைக் கோர்த்தால் அதற்குத் தப்பான சூடு போகும், அதன்படி எரிபொருள் அளவும் மாறும்.

பழைய கார், ஜீப், வேன், கம்ப்யூட்டர் இல்லாத டீசல்: ஹெட்டில் மிச்ச ஓட்டை, இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் வீட்டின் கீழ்த்துண்டு. கூடவே உலோக சென்சார். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், மலை ஏறுகிறவர்களுக்கும் சுமை இழுக்கிறவர்களுக்கும் நான் உலோக சென்சாரைச் சொல்வேன். அதன் எண்ணில் நுணுக்கம் குறைவு. ஆனால் தண்ணீர் போன பிறகும் அது பேசும். வண்டியில் கை வைக்கவே முடியாத சூழ்நிலை, வாடகை வண்டி, நண்பரின் வண்டி என்றால் மேல் ஹோஸ் அடாப்டர் போடலாம். போட்டால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த மீட்டரில் எண் ஏறினாலும் நிறுத்த வேண்டும், காரணமில்லாமல் இறங்கினாலும் நிறுத்த வேண்டும்.

டிராக்டரிலும் பழைய லாரிகளிலும் வரும் மெக்கானிக்கல் மீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு பித்தளைக் குமிழ், அதிலிருந்து மீட்டர்வரை மெல்லிய செம்புக் குழாய். கரண்டே வேண்டாம், எர்த் தொல்லை இல்லை. குழாய் மடிந்து ஒடிந்தால் மீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். குமிழ் பெரியது என்பதால் ஹெட்டில் பெரிய ஓட்டை இருந்தால் மட்டுமே சரிப்படும்.

மாட்டும் முன்

சென்சாரும் மீட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மின்தடைக் கணக்கு வைத்திருக்கிறது. 100 டிகிரியில் ஒரு சென்சார் 40 ஓமுக்குக் கீழே வரும், இன்னொன்று 180 ஓமுக்குப் பக்கத்தில் நிற்கும். மரை பொருந்துகிறது என்பதற்காகக் கடையில் கிடைத்ததை மாட்டினால் எண் முழுக்கத் தப்பாக வரும். சமையல் பாத்திரம் ஒன்றில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சென்சாரை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தொங்கவிட்டு, மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சென்னையில் 100 வர வேண்டும். ஊட்டியில் 93-க்குப் பக்கத்தில் வந்தால் சென்சார் சரி, அந்த உயரத்தில் தண்ணீர் அங்கேதான் கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அப்படியில்லை, 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 118 டிகிரிவரை தாக்குப்பிடிக்கும், பாதிக்குப் பாதி கூலன்ட் என்றால் இன்னும் கொஞ்சம் மேலே. மீட்டர் 102 காட்டியதும் பதறி, சூடாக இருக்கும்போதே மூடியைத் திறந்துவிடாதீர்கள். திறந்த நொடியில் அழுத்தம் போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும்.

போன மாதம் மறுபடி கொல்லிமலை போனேன். புது ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் வீட்டில் தண்ணீர் சென்சார், தூக்கும் கொக்கி போல்ட்டுக்கு அடியில் உலோக சென்சார். காரவள்ளியில் நிறுத்தி டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது தண்ணீர் 84, உலோகம் 81. இருபதாவது வளைவில் 91, 88. ஐம்பதில், முன்னால் ஒரு பஸ் நின்று நின்று போனதால், 98, 96. சோளக்காட்டில் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் மூன்று நிமிடம் சும்மா ஓடவிட்டேன். 90, 89. அந்த எட்டு எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மீட்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை ஏறும்போது அவற்றோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.